நலிந்த அணியைக் கையில் எடுத்தால்: காலேஜ் ஃபுட்பால் 25 குறித்து ஒரு மதிப்புரை

ஓஹாயோ மாநிலத்தின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி 2023-ஆம் ஆண்டுப் பருவத்தில் பன்னிரண்டு ஆட்டங்களில் ஒன்றை மட்டும் வென்றது. 2024-இல் அந்த ஒன்றும் கிட்டவில்லை. 2024 செப்டம்பரில் அடுத்தடுத்த இரண்டு சனிக்கிழமைகளில் டென்னசியிடம் 71–0 என்றும் பென் ஸ்டேட்டிடம் 56–0 என்றும் தோற்றது. டென்னசியுடனான ஆட்டத்தில் இடைவேளையிலேயே கணக்கு 65–0 ஆகிவிட்டிருந்தது. இஏ ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தின் காலேஜ் ஃபுட்பால் 25 என்னும் வீடியோ விளையாட்டில் உள்ள 134 அணிகளுள் நான் விரும்பி எடுத்து ஆடி வருவது இந்த அணியைத்தான். ஓஹாயோ ஸ்டேட்டையோ ஜார்ஜியாவையோ எடுத்துக்கொண்டு பட்டம் வெல்வதில் எனக்கு நாட்டமில்லை. தோற்றே பழகிவிட்ட ஒரு கல்லூரி அணியை, பணமும் பெயரும் உள்ள அணிகள் செய்யாத எதையாவது செய்து மேலேற்ற முடியுமா என்பதும், அந்த முயற்சியை இந்த விளையாட்டு எவ்வளவு நேர்மையாகக் காட்டுகிறது என்பதுமே இந்த மதிப்புரையின் பொருள்.

விளையாட்டின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2013-இல் வெளிவந்த என்சிஏஏ ஃபுட்பால் 14-க்குப் பிறகு இந்த வரிசை நின்றுபோயிற்று. கல்லூரி வீரர்களின் சாயலை அவர்களுக்கு ஒரு டாலரும் தராமல் பயன்படுத்தியதை எதிர்த்து எழுந்த வழக்குகளே அதற்குக் காரணம். 2021 ஜூலையில் வீரர்கள் தம் பெயராலும் படத்தாலும் வருமானம் ஈட்டலாம் என்ற நிலை வந்தபின் வழி திறந்தது. இசைந்த ஒவ்வொரு வீரருக்கும் 600 டாலரும் விளையாட்டின் ஒரு பிரதியும் தருவதாக ஏற்றுக்கொண்டு, பதினோரு ஆண்டு இடைவெளிக்குப் பின் 2024 ஜூலை 19 அன்று பிளேஸ்டேஷன் 5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் கருவிகளுக்கும் இது வெளியிடப்பட்டது. வெளியீட்டு விலை 69.99 டாலர், கணினிப் பதிப்பு இல்லை. இதில் பல பகுதிகள் இருப்பினும் நான் இங்கே பேசுவது டைனஸ்டி என்ற பகுதியைப் பற்றி மட்டுமே. முப்பது பருவங்கள் வரை ஓர் அணியின் பயிற்சியாளராக இருந்து, ஆட்களைச் சேர்த்து, ஆட்டங்களை ஆடி, வேண்டுமானால் வேறு கல்லூரிக்கு மாறிச் செல்லவும் இடம் தரும் பகுதி அது.

முதலில் நான் கைவைத்தது ஆட்ட அட்டவணையில். நலிந்த அணிகளை மீட்ட கதைகளுள் தலையாயது கான்சஸ் ஸ்டேட்டினுடையது. 1988-இன் இறுதியில் பில் ஸ்னைடர் அங்கே பொறுப்பேற்றபோது அந்த அணி 27 ஆட்டங்களாக வெற்றியைக் கண்டதில்லை. 26 தோல்வி, ஒரு சமன். ஜூனியர் கல்லூரிகள் எனப்படும் ஈராண்டுக் கல்லூரிகளிலிருந்து வீரர்களை எடுத்தது, அணிச் சின்னத்தையே மாற்றியது எனப் பல செய்தார் அவர். எனினும் விமரிசகர்களைக் கடுப்பேற்றியது வேறொன்று: தம் கான்ஃபரன்ஸுக்கு, அதாவது ஆண்டுதோறும் தமக்குள் ஆடும் கல்லூரிகளின் குழுவுக்கு, வெளியே ஆடவேண்டிய ஆட்டங்களுக்கெல்லாம் எளிய எதிரணிகளையே அவர் விடாமல் தேர்ந்துகொண்டார். வெல்லத் தெரியாத பிள்ளைகளுக்கு வெற்றி எப்படி இருக்கும் என்று முதலில் காட்டவேண்டும் என்பதே அதிலுள்ள கணக்கு என்று நான் புரிந்துகொள்கிறேன். முதல் பருவத்தில் கிடைத்தது ஒரே வெற்றி. 1998-இல் அதே அணி வழக்கமான பருவத்தின் பதினோரு ஆட்டங்களையும் வென்று தேசியப் பட்டத்தின் வாசல்வரை போயிற்று.

டைனஸ்டியில் கான்ஃபரன்ஸுக்கு வெளியிலான ஆட்டங்களைப் பருவத் தொடக்கத்தில் நாமே மாற்றிக்கொள்ளலாம். டென்னசியையும் பென் ஸ்டேட்டையும் நீக்கிவிட்டு நம்மைப் போன்றே நொந்துபோன அணிகளை அந்த இடத்தில் வைக்க இரண்டு நிமிடம் கூடப் பிடிக்கவில்லை. முதல் பருவத்திலேயே என் கென்ட் ஸ்டேட் ஐந்து ஆட்டங்களை வென்றுவிட்டது. நான் மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் மெய்யான கென்ட் ஸ்டேட் ஏன் அந்தப் பெரிய அணிகளின் மைதானத்துக்குச் சென்று அடிபடுகிறது என்பதை நினைத்தபோது அந்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை. சிறிய கல்லூரி அணி பெரிய அணியின் ஊருக்குச் சென்று ஆடினால் அதற்குக் கட்டணம் கிடைக்கும்; இன்றைய நிலையில் ஓர் ஆட்டத்துக்குப் பத்து லட்சம் டாலரைத் தாண்டுவதும் உண்டு. அப்பலாச்சியன் ஸ்டேட் 2007-இல் மிச்சிகனுக்குச் சென்று 34–32 என்று வென்று திரும்பியபோது, அந்தத் தோல்விக்காக மிச்சிகன் கொடுத்த தொகை 4,00,000 டாலர். பெரும்பாலான சிறிய அணிகள் அப்படி வெல்வதில்லை. உடம்பில் காயத்தையும் கையில் காசோலையையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகின்றன. அந்தக் காசோலையில்தான் கல்லூரியின் மற்ற விளையாட்டுகளும் நடக்கின்றன. ஸ்னைடரின் வழியைப் பின்பற்ற வேண்டுமானால் ஒரு பயிற்சியாளர் முதலில் கல்லூரியின் நிதி அலுவலரை வெல்லவேண்டும். டைனஸ்டியில் நிதி அலுவலர் என்று ஒருவர் இல்லை. வரவுசெலவுக் கணக்கு என்று ஒன்றே இல்லை. வீரர்களுக்குப் பணம் தந்த பிறகே வெளியாக முடிந்த ஒரு விளையாட்டின் உள்ளே பணமே காணப்படாதது விந்தைதான். 2025 ஜூலை முதல் கல்லூரிகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகவே தரலாம் என்றாகிவிட்டது. அந்த உச்சவரம்பைத் தொடவே முடியாத கல்லூரிகளின் நிலை இனி என்னவாகும் என்பதுதான் நலிந்த அணி எதற்கும் இன்று முதல் கேள்வி, அதற்கு இங்கே இடமில்லை.

இரண்டாவது பரிசோதனை, பண்ட் உதையையே கைவிடுவது. பத்து கஜம் முன்னேற நான்கு வாய்ப்புகள் இருக்க, நான்காவதைப் பயன்படுத்தாமல் பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுப்பது தன் வாய்ப்புகளில் கால்பங்கைத் தானே தானம் செய்வதாகும் என்று வாதிட்டவர் கெவின் கெல்லி. ஆர்கன்சாஸ் மாநிலம் லிட்டில் ராக்கில் உள்ள புலாஸ்கி அகாடமி என்னும் உயர்நிலைப் பள்ளியின் பயிற்சியாளராக இருந்த அவர் ஏறக்குறைய எப்போதுமே பண்ட் செய்ய மாட்டார். புள்ளி எடுத்த பிறகும் பந்தைத் தொலைவுக்கு உதைக்காமல், தாமே திரும்பப் பெற முயலும் ஆன்சைட் கிக்கையே பெரும்பாலும் உதைக்கச் சொல்வார். அந்த வழியில் ஒன்பது மாநிலப் பட்டங்களை வென்றார். 2021-இல் தென் கரோலினாவின் பிரெஸ்பிடீரியன் கல்லூரி அவரை அழைத்துக்கொண்டது. விளையாட்டு உதவித்தொகை எதுவும் வழங்காத பயனியர் லீகில் ஆடும் சிறிய கல்லூரி அது. புதுமைக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இராது என்றே பலரும் எண்ணினர். முதல் ஆட்டத்தில் 84 புள்ளிகள் குவிந்தன. இரண்டாவது ஆட்டத்தையும் வென்ற அந்த அணி அதன்பின் ஆடிய ஒன்பது ஆட்டங்களிலும் தோற்றது. ஒரே பருவத்துடன் கெல்லி விலகினார்.

அவருடைய கணக்கில் பிழை இருந்ததாக நான் கருதவில்லை. நான்காவது வாய்ப்பில் துணிவது நல்லது என்பதைப் பெரிய அணிகளும் இன்று பெருமளவுக்கு ஒப்புக்கொண்டுவிட்டன. ஆனால் நான்காவது வாய்ப்பில் துணிபவருக்கு மூன்று கஜம் எடுக்கத் தெரிந்த ஆட்கள் வேண்டும், எடுக்கத் தவறினால் தன் பாதியிலேயே எதிரியைத் தடுத்து நிறுத்தும் தற்காப்பும் வேண்டும். நலிந்த அணியிடம் இல்லாதவை இவ்விரண்டுமே. இந்த இடத்தில் விளையாட்டு மெய்யுலகோடு ஒத்துப்போவதைப் பாராட்டவேண்டும். விளையாட்டின் மிகக் கடினமான நிலையான ஹைஸ்மனில் ஒரு முழுப் பருவம் பண்ட் இல்லாமல் ஆடிப்பார்த்தேன். ஆட்டங்களின் முற்பாதியில் வெறியாட்டமாகப் புள்ளிகள் வந்தன. பிற்பாதியில் களைத்துப்போன என் தற்காப்பு வீரர்கள் இருபது கஜக் கோட்டில் நின்றபடியே எதிரியை வரவேற்றுக்கொண்டிருந்தனர். வீரர்கள் வாங்கும் அடி உடலின் பாகம் பாகமாகச் சேர்ந்து அவர்களின் திறனைக் குறைக்கும் ஏற்பாடு ஒன்று இந்த விளையாட்டில் உண்டு. ஆழமில்லாத அணி ஆட்ட முடிவில் ஏன் சரிகிறது என்பதை அது எந்த விளக்கவுரையையும்விடத் தெளிவாகக் காட்டிவிடுகிறது.

மூன்றாவதாக ட்ரிபிள் ஆப்ஷனை எடுத்துக்கொண்டேன், விளையாட்டின் மீதான என் பெரிய மனக்குறை இங்கேதான். ஆட்டத்தை நடத்தும் வீரரான குவார்ட்டர்பேக், பந்தைப் பின்னால் நிற்பவரிடம் தருவதா, தானே ஓடுவதா, பக்கவாட்டில் எறிவதா என்பதை எதிரணி வீரர் ஒருவரின் அசைவைப் பார்த்து நொடிப்பொழுதில் முடிவுசெய்யும் ஓட்ட முறை அது. எதிரியின் ஓரிரு வீரர்களைத் தடுக்காமலே விட்டு அவர்களின் முடிவையே அவர்களுக்கு எதிராகத் திருப்புவதால், 140 கிலோ எடையுள்ள தடுப்பாளர்களைப் பெற முடியாத அணிகளுக்கு அது கைகொடுக்கிறது. ராணுவக் கல்வி நிலையங்களின் அணிகள் அதைப் பல பத்தாண்டுகளாக விடாமல் பிடித்திருந்ததற்குக் காரணம் இதுவே. ஓடிக்கொண்டே இருந்தால் கடிகாரமும் ஓடும். ஆட்டத்தில் பந்து கைமாறும் தடவைகள் குறையும். தடவைகள் குறையக் குறைய, திறன் குறைந்த அணிக்கு அதிர்ஷ்டம் துணைநிற்கும் வாய்ப்பு கூடும். 2024-இல் ராணுவக் கல்வி நிலைய அணிகளுள் ஒன்றான ஆர்மி இந்த ஓட்ட மரபை அடித்தளமாகக் கொண்டே பன்னிரண்டு ஆட்டங்களை வென்று தன் கான்ஃபரன்ஸ் பட்டத்தையும் பெற்றது.

ஆனால் அந்த முறையின் உயிர் களத்தில் இல்லை, ஆட்டத்துக்கு முந்திய வாரத்தில் இருக்கிறது. பருவம் முழுவதும் பந்தை எறியும் அணிகளையே எதிர்த்துப் பழகிய ஒரு தற்காப்பு, ஐந்தே நாள் பயிற்சியில் தன் பழக்கத்தையெல்லாம் மறந்து வேறொன்றைக் கற்றாகவேண்டும். அவர்களுடைய பயிற்சியில் ஆப்ஷனை ஆடிக்காட்டக்கூட ஒழுங்கான ஆள் கிடைக்கமாட்டார். சனிக்கிழமை வரும்போது அவர்கள் பாதி கற்ற நிலையில்தான் களமிறங்குவார்கள். டைனஸ்டியில் என் எதிரில் நிற்கும் கணினிக்கு அந்த ஐந்து நாள் தேவைப்படுவதே இல்லை. நான் என்ன ஆடினாலும், நேற்றும் இதையேதான் பார்த்தேன் என்பதுபோல அது அமைதியாக நிற்கிறது. அதற்குப் புதிது என்று ஒன்றும் இல்லாததால் எனக்கும் புதுமையால் ஆதாயம் இல்லை. ஆப்ஷன் இங்கே நூற்றுக்கணக்கான ஆட்டப் புத்தகப் பக்கங்களில் மற்றொரு பக்கமாகிவிடுகிறது. வாராந்தரப் பயிற்சி நேரம் என்ற ஒன்றை வைத்து, எதிரணி கண்டிராத முறைக்கு ஏதேனும் ஒரு முன்னிலையைத் தந்திருந்தால் சிறிய அணிகளின் தந்திரம் முழுவதும் இதனுள் வந்திருக்கும். 

ஆள்சேர்ப்பில்தான் இந்த விளையாட்டு தன் விலையைச் சம்பாதிக்கிறது. வாரந்தோறும் நமக்குக் கிடைப்பது பணமல்ல, நேரம். கல்லூரியின் மதிப்பு குறையக் குறைய அந்த நேரமும் குறைகிறது. ஒரு வீரரை ஆராய்ந்து பார்க்கப் பத்து மணி நேரம் செலவாகும். மொத்தப் படையையும் அவர் வீட்டுக்கு அனுப்பினால் ஐம்பது மணி நேரம் போய்விடும். ஒவ்வொரு மாணவரும் களமிறங்கும் வாய்ப்பு, வீட்டுக்கு அருகாமை, கல்வித் தரம், மைதானச் சூழல், பயிற்சியாளரின் நிலைத்தன்மை போன்ற பதினான்கு அளவைகளில் தமக்கு முக்கியமான சிலவற்றைக் கொண்டு கல்லூரிகளை எடைபோடுகிறார். அவற்றுள் ஒன்று அவர் விட்டுக்கொடுக்கவே மாட்டாதது. கென்ட் ஸ்டேட்டின் மதிப்பெண் அட்டை பெரும்பாலும் டி, சி எழுத்துகளால் நிறைந்திருந்தாலும் களமிறங்கும் வாய்ப்பு என்ற ஒன்றில் மட்டும் ஏ மின்னுகிறது, காரணம் வெளிப்படை: அங்கே ஏற்கெனவே நல்ல ஆள் யாரும் இல்லை. அந்த ஒற்றை ஏ-யையே ஆயுதமாக்கி, உடனே ஆடவேண்டும் என்று துடிக்கும் பையன்களை மட்டும் குறிவைப்பதும், நான்கு நட்சத்திர வீரரின் பக்கமே திரும்பாமல் இரண்டு நட்சத்திரக் கூட்டத்தில், மதிப்பீட்டைவிடத் திறன் மிக்கவர் என்று விளையாட்டு பச்சைக் குறியிட்டுக் காட்டும் மாணிக்கங்களைத் தேடுவதும் எனக்கு இந்த விளையாட்டு கற்றுத்தந்த ஒழுக்கம். மூன்று இரவுகள் இதிலேயே கழிந்தன; ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

இவ்வகை ஆள்சேர்ப்புக்கு மெய்யான முன்னோடி ஹோவர்ட் ஷ்னெலன்பெர்கர். 1979-இல் அவர் மயாமி பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது அங்கே கால்பந்தையே மூடிவிடலாமா என்ற பேச்சு நடந்துகொண்டிருந்தது. தெற்கு ஃபுளோரிடாவைச் சுற்றிக் கோடு கிழித்து, அதற்கு மயாமி மாநிலம் என்று பெயரிட்டு, அந்தக் கோட்டுக்குள் பிறந்த நல்ல வீரர் எவரும் வெளியே போகக்கூடாது என்று தம் துணைப் பயிற்சியாளர்களிடம் சொன்னார். அன்றுவரை பெரிய கல்லூரிகள் எட்டிப்பாராத நகர்ப்புறப் பள்ளிகளுக்கெல்லாம் சென்றார்கள். ஐந்தாவது பருவத்தில், 1984 ஜனவரி 2 அன்று, நெப்ராஸ்காவை 31–30 என்று வென்று தேசியப் பட்டம் பெற்றார்கள். டைனஸ்டியில் பைப்லைன் என்ற பெயரில் ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் ஒரு பகுதியின் மீது செல்வாக்கு அமைகிறது. என் பயிற்சியாளருக்கு ஓஹாயோவைத் தேர்ந்தபோது அந்தக் கோடு கிழித்த வேலையின் சுவை ஓரளவு கிடைத்தது. பயிற்சியாளரை ஊக்குவிப்பவர், ஆள்சேர்ப்பவர், உத்தியாளர் என்ற மூவகையில் ஒன்றாகத் தொடங்கவேண்டும். நலிந்த அணிக்கு ஆள்சேர்ப்பவரே ஏற்றவர் என்பது என் முடிவு. உத்தியாளரைக் கொண்டு தொடங்கிய முதல் முயற்சியை நான் பாதியில் அழித்துவிட்டேன்.

வீரர்கள் ஒரு கல்லூரியிலிருந்து மற்றொன்றுக்கு மாற வழி செய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் குறித்து அந்த அளவுக்குப் பாராட்ட முடியவில்லை. இக்காலத்தின் மிகப்பெரிய மீட்சி அதன் வழியாகவே நடந்தது. 2024 பருவம் தொடங்கியபோது 700-க்கும் மேற்பட்ட தோல்விகளோடு முதல்நிலைக் கல்லூரிக் கால்பந்தில் மிக அதிகம் தோற்ற அணி இந்தியானா. 2023-இல் அதற்குக் கிட்டியவை மூன்றே வெற்றிகள். புதிதாக வந்த கர்ட் சிக்னெட்டி, தாம் முன்பு பயிற்சியளித்த ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து பதின்மூன்று வீரர்களைத் தம்முடன் அழைத்துவந்தார். முதல் பருவத்திலேயே பதினோரு வெற்றிகள். அடுத்த பருவத்தில் தோல்வியே இன்றித் தேசியப் பட்டம். வாண்டர்பில்ட்டின் கதையும் இதையொத்தது. 2023-இல் இரண்டு வெற்றிகளோடு முடித்த அந்த அணி, நியூ மெக்சிகோ ஸ்டேட்டின் முன்னாள் பயிற்சியாளர் ஜெரி கில்லையும் அவருடைய குவார்ட்டர்பேக் டியேகோ பாவியாவையும் சேர்த்துக்கொண்டு, 2024 அக்டோபரில் முதலிடத்தில் இருந்த அலபாமாவை 40–35 என்று வீழ்த்தியது. மாணவர்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கிக் கம்பர்லாந்து ஆற்றில் வீசினார்கள்.

இவ்விரு அணிகளும் வாங்கியது தனித்தனி வீரர்களை அல்ல. ஒருவரையொருவர் அறிந்த, ஒரே ஆட்டமொழியைப் பேசும் ஒரு குழுவை. புதிய இடத்தில் பிறருக்கு அந்த மொழியைக் கற்பித்தவர்களும் அவர்களே. டைனஸ்டியின் போர்ட்டலோ ஒவ்வொரு வீரரையும் ஒரு திறன் மதிப்பெண்ணாகவே பார்க்கிறது: 82 என்றால் 82, அவ்வளவுதான். பழைய அணித்தோழர்கள் நால்வரைச் சேர்த்து எடுத்தாலும் முன்பின் அறியாத நால்வரை எடுத்தாலும் எனக்கு ஒரு வேறுபாடும் தெரியவில்லை. அதைவிட உறுத்துவது மறுதிசை. நான் இரண்டு ஆண்டு பாடுபட்டு வளர்த்த ஓட்டக்காரர் பெரிய கல்லூரிக்குப் போய்விடுவார். அது நியாயம்தான், மெய்யுலகிலும் அதுவே நடக்கிறது. ஆனால் அவர் ஏன் போனார் என்பதற்கு மெய்யுலகில் உள்ள முதற்காரணமான பணம் இங்கே உச்சரிக்கப்படுவதே இல்லை.

களத்துக்கு வெளியிலான சின்னத் தந்திரங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பாய்ஸி ஸ்டேட் 1986-இல் தரைக்கு நீலம் விரித்தது. இந்த விளையாட்டிலும் அது கண்ணைக் கூசவைக்கும் நீலமாகவே இருக்கிறது. தொலைக்காட்சி வெளிச்சத்துக்காக மிட்-அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் அணிகள் நவம்பர் மாதச் செவ்வாய், புதன் இரவுகளில் குளிரில் ஆடுவதும் உண்டு. ஆனால் என் மனத்துக்கு நெருக்கமானது ஐயோவாவின் ஹேடன் ஃப்ரை செய்தது. உளவியல் படித்த அவர், விருந்தினர் அணியின் உடைமாற்றும் அறைக்கு வெளிர் ரோஜா நிறம் பூசச் செய்தார். எதிரணிப் பயிற்சியாளர் ஒருவர் அந்தச் சுவரைப் பார்த்துக் கோபப்பட்டாலே பாதி வேலை முடிந்துவிட்டது என்பது அவர் எண்ணம். பில் ஸ்னைடர் அவரிடம் உதவியாளராக இருந்து வந்தவர் என்பதையும் இங்கே குறிப்பிடலாம். தனி இணையதளத்தில் சொந்த அணியை உருவாக்கி, அதன் சீருடையையும் சின்னத்தையும் விரும்பியபடி வரைந்துகொள்ளும் வசதியை இஏ தந்திருக்கிறது. எதிரியின் அறைச் சுவருக்கு நிறம் பூச மட்டும் வழியில்லை.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: நலிந்த அணியை எடுத்தாடும் பொறுமை உங்களிடம் இருந்தால் ஆள்சேர்ப்புப் பகுதி ஒன்றுக்காகவே வாங்கலாம். மெய்யான பயிற்சியாளர்களின் பெயர்களோடு 26 என்ற அடுத்த பதிப்பு 2025 ஜூலையில் வந்துவிட்டதால், பழையதை முழு விலைக்கு வாங்கவேண்டாம். ஆட்டக் கடினத்தை, ஹைஸ்மனுக்கு அடுத்த படியான ஆல்-அமெரிக்கன் நிலைக்குக் கீழே வைக்காதீர்கள். அதற்குக் கீழே எந்த விந்தை உத்தியும் பலித்துவிடும், பலித்ததற்குக் காரணம் உத்தி அல்ல. நண்பர்கள் இருந்தால் அவர்களோடு இணையவழி டைனஸ்டியைத் தொடங்குங்கள். முப்பத்திரண்டு பேர் வரை சேரலாம். ஆப்ஷன் பற்றி நான் மேலே சொன்ன குறைக்கு நான் கண்ட ஒரே மருந்து அதுதான். கணினி அசைந்துகொடுக்காத அதே ஓட்டத்தை ஒரு நண்பருக்கு எதிராக முதன்முறை ஆடியபோது, முதல் மூன்று தடவையும் அவர் தவறான ஆளையே துரத்தினார், நான்காவது தடவை ஆட்டத்தை நிறுத்திவைத்துவிட்டு இது என்ன முறை என்று கேட்டார்.

என் கென்ட் ஸ்டேட் இப்போது ஆறாவது பருவத்தில் இருக்கிறது. எட்டு வெற்றி, நான்கு தோல்வி. டென்னசியை அட்டவணையில் மீண்டும் சேர்த்திருக்கிறேன். காசோலை வராது என்று தெரிந்தேதான்.